அமெரிக்காவில் ஆள் பஞ்சமாம்!

அமெரிக்காவில் கம்ப்யூட்டர் முதலான வேலைகளுக்குத் தகுந்த ஆட்கள் கிடைப்பதில்லை என்றும், ஆகையால் வெளிநாட்டுப் படிப்பாளிகளைத் தற்காலிகமாக வருவிக்க வேண்டியிருக்கிறது என்றும் அந்நாட்டு முதலாளிகள் வெகு காலமாகச் சொல்லி வருகிறார்கள். இதற்கென 1990-ம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்டதுதான் ‘எச்-1பி’ என்னும் விசா. வருஷம் 65,000 பேருக்கும், அங்கேயே மேல் பட்டம் பெற்ற இன்னும் 20,000 பேருக்கும் என்று கணக்கு. இவ்விசா பெறுகிறவர்களில் சுமார் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள். அதில் நம் தமிழ் மக்களும் ஏராளம்.

பஞ்சம் என்றால் என்ன? அரிசிப் பஞ்சம் வந்தால் அரிசி விலை ஏறும் என்பது எழுத்து வாசனை இல்லாத கிழவிக்கும் தெரிந்த சங்கதி. அப்படியானால் ஆள் பஞ்சத்தில் கூலி ஏற வேண்டாமா? இந்த விசாக்காரருக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சச் சம்பளத்தில் நான்கு படிகள் வைத்தார்கள். ஓர் ஊரில் ஒரே வேலை செய்யும் நூறு பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால், அடியிலிருந்து 17-வது ஆள் வாங்குவது முதல் படி. 34-வது ஆள் வாங்குவது இரண்டாம் படி. பல வருஷ காலம் நடந்து வந்தது இந்தக் கணக்கே. பஞ்ச காலத்துப் பண்டத்தை நடு விலைக்கும் குறைத்து வாங்க எந்தச் சந்தையில் சட்டம் இடம் கொடுக்கிறது? அதிகம் கொடுக்கிற கம்பெனிகளும் உண்டு. இல்லையென்று நாம் சொல்லவில்லை.

நிற்க, பஞ்சம் உண்டா என்று யாராவது பரீட்சித்தாவது பார்க்கிறார்களா? அதுவும் இல்லை. உள்ளூரில் ஆள் தேடினேன், அகப்படவில்லை என்று காட்டும் கடமை சாதாரண முதலாளிக்குக் கிடையாது. விசாக்காரர்களையே பெரிதும் நம்பி நடக்கும் கம்பெனிகளுக்கு மாத்திரம் அந்த நிபந்தனை. அதிலும் வருஷம் 60,000 டாலர் சம்பளம் காட்டிவிட்டால் விலக்கு! 1998-ல் வைத்த அத்தொகையை அதன்பின் உயர்த்தவே இல்லை. 2015-ல் பிளாரிடா மாகாணத்தில் டிஸ்னி கம்பெனி சுமார் 250 பேரை வேலையிலிருந்து நீக்கியபோது, அவர்களில் பலர் தங்கள் இடத்திற்கு வந்த விசாக்காரர்களுக்குத் தாங்களே வேலை சொல்லிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று. சொல்லிக் கொடுக்க ஆள் இருந்த இடத்தில் பஞ்சம் எங்கிருந்து வந்தது?

ஆகவே, முதலாளிக்கு வேண்டியது வெறும் ஆள் அல்ல. விட்டுப் போக முடியாத ஆள். விசாவுக்கு மனுப் போடுகிறவன் எஜமானன். வேலை போனால் அதிகமாய் 60 நாள். அதற்குள் வேறு எஜமானன் மனுப் போடாவிட்டால், வேறு வழி தேடிக்கொள்ளாவிட்டால், பெண்டு பிள்ளைகளோடு மூட்டை கட்ட வேண்டும். நிரந்தரக் குடியுரிமைச் சீட்டிலோ எந்த ஒரு நாட்டுக்கும் நூற்றுக்கு ஏழு என்ற வரம்பு. ஆதலால் இந்தியன் வரிசையில் நின்றே தலை நரைக்கிறான். இப்படிப்பட்டவன் சம்பள உயர்வு கேட்பானா? சங்கம் சேர்வானா?

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் ஏழை மக்கள் கங்காணியிடம் பட்ட கடனை எழுதிய ‘துண்டு’ இல்லாமல் தோட்டம் மாற முடியாதிருந்தது. 1921-ல் அதை ஒழித்தார்கள். லட்சக்கணக்கில் சம்பாதிப்பவரைத் தோட்டக் கூலியோடு ஒப்பிடுவதா என்று சிலர் கோபிக்கலாம். நாம் சம்பளத்தை ஒப்பிடவில்லை, கட்டைத்தான் ஒப்பிடுகிறோம்.

இதையெல்லாம் கேட்க வேண்டிய படிப்பாளிகள் ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூர் ‘விசா பாலாஜி’யைச் சுற்றுகிறார்கள். வேண்டுதலுக்கு 11 சுற்று, விசா கிடைத்தால் 108 சுற்று! கம்ப்யூட்டருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் மூளைக்கு இந்தக் கணக்கு மட்டும் விளங்கவில்லை போலும்.

அங்குள்ள தொழிலாளர்களோ வந்தவன் மேல் பாய்கிறார்கள். 2025 செப்டம்பரில் ஜனாதிபதி டிரம்ப் புது மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று பிரகடனம் செய்தபோது பலர் கை தட்டினார்கள். அப்பணம் போவது சர்க்கார் பெட்டிக்கு. வந்தவன் கட்டும் அவிழவில்லை, இருந்தவன் கூலியும் உயரவில்லை.

விசாவைத் தொழிலாளி பேரிலேயே கொடுக்கட்டும்; எந்தக் கம்பெனிக்கு வேண்டுமானாலும் அவன் போகலாம், வேலையில்லாமல் ஆறு மாதம் தேடவும் செய்யலாம் என்று விடட்டும். அதற்குப் பிறகும் இந்த முதலாளிகள் ஆள் பஞ்சம் என்று வந்தால் அப்போது நாம் நம்பத் தயார்.