தரிசு என்று எழுதியது யார்?

செயற்கைக்கோள் பொய் சொல்லாது என்பார்கள். உண்மைதான். ஆனால் அது எடுத்த படத்தில் நிலத்துக்குப் பெயர் எழுதுவது மனிதர்களாயிற்றே! நடுவண் அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பு தொலையுணர்வுப் படங்களைக் கொண்டு உருவாவது. புதர்வெளிகளும் நலிந்த மேய்ச்சல் நிலங்களும் மணற்பரப்புகளும் அதில் 'தரிசு' என்ற ஒரே தலைப்பின்கீழ் அடங்கிவிடுகின்றன. தரிசு என்று எழுதியபின், சூரிய மின்பண்ணைக்கு அதை வளைத்துக்கொள்ளத் தடையேது?

மேற்கு இராஜஸ்தானில் அத்தகைய நிலத்தில்தான் கானமயில் வாழ்கிறது. சுமார் 15 கிலோ வரை எடையுள்ள இப்பறவை வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடும். அதன் கண்கள் பக்கவாட்டில் அமைந்தவை. எதிரே குறுக்கிடும் மின்கம்பியைத் தொலைவிலேயே காணாது. அருகில் கண்டபின் கனத்த உடலைத் திருப்பவும் இயலாது. எஞ்சியவை 200-க்கும் குறைவு.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மின்கம்பிகளைப் புதைக்க ஆணையிட்டது. ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டருக்கு விரிந்த அக்கட்டுப்பாட்டை 2024 மார்ச்சில் தளர்த்தி, வல்லுநர் குழுவை அமைத்தது. 2025 டிசம்பரில் இராஜஸ்தானில் 14,013, குஜராத்தில் 740 சதுர கிலோமீட்டர் முன்னுரிமைப் பகுதியாக ஏற்கப்பட்டன. ஆக, ஓர் இனத்தின் வாழ்வு இன்று வரைபடத்திலுள்ள ஒரு கோட்டில் தொங்குகிறது.

"அப்படியானால் சூரிய மின்சாரம் வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். அதனால்தான் எண்ணிம வரைபடத்தை வலியுறுத்துகிறோம். முட்டையிடும் இடங்கள், கருவி பொருத்திய பறவைகளின் பறப்புத் தடங்கள், மின்பாதைகள் ஆகியவற்றை அடுக்கடுக்காக ஒரே வரைபடத்தில் பொருத்திப் பாருங்கள். எந்தக் கம்பியைப் புதைப்பது, எதைத் திருப்பிவிடுவது, மின்பண்ணைக்கு எங்கே இடமுண்டு என்பது புலப்படும். எல்லாவற்றையும் புதைக்க இயலாது என்போருக்கும் இதுவே விடை.

ஆனால் இரண்டு நிபந்தனைகள். பதிவில்லாத இடமெல்லாம் பறவையில்லாத இடமாகிவிடாது. ஆளில்லாமையால் பதிவு விடுபட்டிருக்கலாம். அங்கெல்லாம் ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டபின்னரே கோடு போட வேண்டும். அடுத்து, திட்டத்துக்கு ஒப்புதல் அளிக்குமுன்பே வரைபடம் மேசைக்கு வர வேண்டும். கம்பியடியில் பறவை விழுந்தபின் வரைவது இடுகாட்டுக் கணக்கு.

பாலைக்கும் ஒரு திணை வகுத்து, அதற்குரிய புள்ளையும் விலங்கையும் கருப்பொருளாக எண்ணிய இலக்கணம் நம்முடையது. வறண்ட நிலம் வெற்றிடமன்று என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகவே கேட்கிறோம்: புல்வெளியைப் புல்வெளி என்றே எழுதுங்கள். மற்றக் கோடுகளைப் பிறகு வரையலாம்.