எல்.ஐ.சி. மெட்ரோ நிலையத்தைப் பொதுவழியாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்,
அண்ணா சாலைச் சிறு வணிகர்களும் கடை ஊழியர்களும் சேர்ந்த சங்கம், சென்னை.

பெறுநர்:
மெட்ரோ ரயில், மாநகராட்சி, மாநகரப் பேருந்து, போக்குவரத்துக் காவல் துறைகளின் உயர் அலுவலர்கள், சென்னை.

பொருள்: சாலையைக் கடக்க நிலத்தடி வழியும் அதைச் சார்ந்த ஏற்பாடுகளும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2019 பிப்ரவரி 10 அன்று டி.எம்.எஸ். – வண்ணாரப்பேட்டை சுரங்க மெட்ரோ ஓடத் தொடங்கியபோது, கடைவாசலுக்கே ரயில் வந்துவிட்டதென்று மகிழ்ந்தவர்கள் நாங்கள். பணி நடந்த ஆண்டுகளில் அண்ணா சாலையின் சில பகுதிகள் ஒருவழியானதையும், தகரத் தடுப்புகளுக்குப் பின்னால் கடைகள் மறைந்ததையும் ஊருக்கு நல்லது நடக்கட்டும் என்றே பொறுத்துக்கொண்டோம். இன்று விமான நிலையத்துக்கு நிம்மதியாகப் போய்வருகிறோம். ஆனால் சாலையின் எதிர்ச்சாரிக்குப் போவதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலை உதிரிபாகக் கடைகளில் வேலை முடிய இரவாகிவிடும். தோளில் பார்சலோடு வரும் பையன் அண்ணா சாலையின் நடுத்தடுப்பை ஒட்டி நின்று, இருபுறமும் வண்டிகள் பாய, இடைவெளிக்காகக் காத்திருக்கிறான். தேவி திரையரங்கில் இரவுக் காட்சி விட்டு வரும் குடும்பங்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுகின்றன. ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடைக்கு வரும் பெரியவர்கள் எதிர்ச்சாரிக்குப் போக ஆட்டோ பிடிப்பதை நாங்களே பார்த்திருக்கிறோம். இவர்கள் காலுக்குக் கீழேயே விளக்கும் காவலும் உள்ள எல்.ஐ.சி. மெட்ரோ நிலையம் இருக்கிறது. டிக்கெட் வாயிலுக்கு வெளியே உள்ள அதன் கூடத்தையும் படிகளையும், ரயிலேறாதவரும் சாலையைக் கடக்கும் பொதுவழியாக அறிவிக்க வேண்டும். "டிக்கெட் இல்லாமல் இவ்வழியே சாலையைக் கடக்கலாம்" என்று பெரிய தமிழ் எழுத்தில் ஒவ்வொரு வாயிலிலும் பலகை வேண்டும். இரவு 11 மணியோடு ரயில் நின்றாலும், இரவுக் காட்சி முடிந்து ஆட்கள் வீடு திரும்பும்வரை இந்த வழி திறந்திருக்க வேண்டும். கூடுதல் காவலுக்குச் செலவாகும் என்பதை அறிவோம். அதில் எங்களால் இயன்ற பங்கைப் பற்றிப் பேசவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

சக்கர நாற்காலியில் வருபவர் நடைபாதையிலிருந்து ஒரு படிகூட ஏறாமல் லிஃப்டை அடைய வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கேட்பதும் இதைத்தான். லிஃப்ட் பழுதானால் மாற்றுவழி எது என்று அங்கேயே எழுதி வைக்கவும்.

சிங்காரச் சென்னை அட்டை ஒன்றிலேயே மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் செல்ல முடிகிறது. அதுபோலப் பேருந்து நிறுத்தங்களும் நிலைய வாயிலை ஒட்டி, நிழற்குடையோடு அமைய வேண்டும்.

இந்த ஏற்பாடுகளின் பெயரால் பூக்காரம்மாவையும் டீக்கடைக்காரரையும் அப்புறப்படுத்திவிட வேண்டாம். தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014 சொல்லும் கணக்கெடுப்பையும் நகர விற்பனைக் குழுவையும் கொண்டு அவர்களுக்கு உரிய இடம் ஒதுக்கப்பட வேண்டும். இதில் கடைக்காரர்களாகிய நாங்கள் அனைவரும் ஒருமனதாக இருக்கிறோம்.

2017 ஏப்ரல் 9 அன்று மெட்ரோ சுரங்கப் பணியின்போது சர்ச் பார்க் பள்ளி அருகே இச்சாலை உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கியதை யாரும் மறக்கவில்லை. இனி இச்சாலையில் எந்தத் துறை தோண்டினாலும், நாள், இடம், பொறுப்பு அலுவலர் ஆகிய விவரங்களைக் கடைக்காரர்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும்.

நான்கு துறை அலுவலர்களும் ஒரு வார நாள் மாலை ஏழு மணிக்கு எல்.ஐ.சி. கட்டட வாசலுக்கு வந்து, எங்களோடு சேர்ந்து ஒருமுறை இச்சாலையைக் கடந்து பார்க்குமாறு பணிவுடன் அழைக்கிறோம். தேதியைத் தாங்களே குறித்துத் தரவும்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், சங்க உறுப்பினர்கள்