யார் பாத்தியில் நிற்கிறது வேலை?
கேள்வி நேரம்

''கடத்தூர் பக்கத்தில் 20 விவசாயிகள் சேர்ந்து உழவர் ஆர்வலர் குழுவாக இயங்குகிறோம். சென்ற பருவத்தில் எங்கள் ராகியை ஒரே வண்டியில் ஏற்றி, நேரடி கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். 60 மூட்டைகளில் 22 மூட்டைகள் திரும்பி வந்துவிட்டன. வண்டி வாடகையை யார் கொடுப்பது என்று ஆரம்பித்த பேச்சு, இப்போது குழுவையே கலைத்துவிடலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. எந்த வேலைக்கு யார் பொறுப்பு என்பதை எல்லோருக்கும் புரியும்படி வகுத்துக்கொள்ள ஏதாவது வழி உண்டா?''
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடத்தூர், தர்மபுரி மாவட்டம்.

வழி உண்டு. அதற்குப் பணமும் தேவையில்லை, கம்ப்யூட்டரும் தேவையில்லை. காலண்டர் அட்டையின் பின்பக்கமும் ஒரு பேனாவும் போதும். ஆனால், வண்டியில் ஏற்றியவர், காய வைத்தவர், கணக்கு எழுதியவர் என எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும்.

கம்பெனிகளில் இதை 'ஸ்விம்லேன் சார்ட்' என்பார்கள். நீச்சல் போட்டி நடக்கும் குளத்தில் கயிறு கட்டித் தடம் பிரித்திருப்பார்கள். அவரவர் தடத்தில் அவரவர் நீந்த வேண்டும். அதே மாதிரி, ஒரு வேலையில் யார் யாருக்குப் பங்கு இருக்கிறதோ, அவர்களுக்குத் தனித்தனித் தடம் போட்டு, வேலையை எழுதிக்கொண்டே போவதுதான் இந்த முறை. நமக்கு நீச்சல் குளம் எதற்கு? 'பாத்திப் படம்' என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு பாத்தி. பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே வரப்பு. ஒருவர் வேலையை முடித்து அடுத்தவரிடம் ஒப்படைக்கும் இடம்தான் மடை. தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும்... பாத்திக்கு உள்ளே தண்ணீர் வீணாவதில்லை. உடைப்பு எடுப்பதெல்லாம் மடையில்தான்.

இது புதிய விஷயமும் இல்லை. செங்கல் கட்டும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய ஃபிராங்க் கில்பிரெத் என்ற அமெரிக்கரும், அவர் மனைவி லில்லியனும், வேலையைப் படி படியாகப் பிரித்துப் படமாகப் போடும் முறையை 1921-ம் ஆண்டு அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கத்தில் விளக்கினார்கள். ஆளுக்கொரு தடம் பிரித்துப் போடுவதை, 1990-ம் ஆண்டு வெளியான தங்கள் நூல் மூலம் ஜியரி ரம்லர், ஆலன் பிராச் என்ற இருவர் பரவலாக்கினார்கள்.

உங்கள் கடிதம் கிடைத்ததும், கடத்தூருக்கே வந்து உங்கள் களத்தில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் போட்டோம். மற்ற வாசகர்களுக்கும் உதவும் என்பதால், அன்று நடந்ததையே பதிலாக எழுதுகிறேன்.

நடந்ததை எழுதுங்கள்

முதலில் ஒரு விதி. 'எப்படி நடக்க வேண்டும்' என்று எழுதக் கூடாது. 'போன தடவை எப்படி நடந்தது' என்றுதான் எழுத வேண்டும். குழுத் தலைவர், 'ஈரப்பதம் பார்த்துட்டுத்தான் ஏத்துவோம்' என்று ஆரம்பித்தார். 'போன தடவை பார்த்தது யாருங்க?' என்று கேட்டேன். பதில் வரவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் அறுவடையிலிருந்து ஆரம்பித்தோம்.

முதலில் போட்ட பாத்திகள் ஐந்து: விவசாயி, குழுத் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வண்டிக்காரர், கொள்முதல் நிலையம். இடமிருந்து வலமாக நாள் நகர்கிறது. வேலைக்குக் கட்டம். 'உண்டா, இல்லையா' என்று கேட்டு முடிவெடுக்கும் இடத்துக்குச் சாய்சதுரம். ஒப்படைக்கும் இடத்துக்கு அம்புக்குறி. இந்த மூன்று குறிகள் போதும்.

எழுதி முடித்தபோது படம் இப்படி இருந்தது.

விவசாயி: கதிர் அறுத்து அடிக்கிறார். மூட்டை கட்டுகிறார். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல்களைக் கொடுக்கிறார்.
கிராம நிர்வாக அலுவலர்: அடங்கல் தருகிறார்.
குழுத் தலைவர்: நகல்களை வாங்கிப் பதிவு செய்கிறார். நாள் தெரிந்ததும் வண்டி பேசுகிறார்.
வண்டிக்காரர்: 60 மூட்டைகளை ஏற்றி இறக்குகிறார்.
கொள்முதல் நிலையம்: ஈரப்பதம் பார்க்கிறது, எடை போடுகிறது, ரசீது தருகிறது.

படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, 'சாய்சதுரம் எங்கே இருக்குன்னு பாருங்க' என்றேன். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் கடைசிப் பாத்தியில். அதாவது, 'காய்ந்திருக்கிறதா' என்ற கேள்வியை, வண்டி வாடகை கொடுத்து முடித்த பிறகுதான் முதன்முதலாகக் கேட்டிருக்கிறோம். ராகியில் ஈரப்பதம் 12 சதவிகிதத்துக்குமேல் இருக்கக் கூடாது என்பது விதி. விதிப்படிதான் மூட்டைகள் திரும்பின.

இல்லாத பாத்தி

'அப்போ காய வைச்சது யாரு?' என்று கேட்டதும், ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். திண்ணையில் முறம் வைத்துப் புடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா சொன்னார்... ''நாங்கதாங்க காய வைச்சோம். ரெண்டு நாள் வெயில் இல்ல, பனி வேற. இன்னும் ஒரு நாள் போடணும்னு இருந்தேன். திடீர்னு 'வண்டி வந்துருச்சு, அள்ளு'ன்னாங்க. அள்ளிட்டேன்.''

நாலு வீடுகளில் இதே கதை. காய வைப்பது, தூற்றுவது, சலிப்பது எல்லாம் வீட்டுப் பெண்கள். ஆனால், குழுக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஆண்கள். பெண்களுக்குப் படத்தில் பாத்தியே இல்லை. வண்டி வரும் நாள் அவர்களுக்குத் தெரியாது. இன்னும் காயவில்லை என்பது தலைவருக்குத் தெரியாது. யாரும் வேலையில் குறை வைக்கவில்லை. மடை போடாமல் விட்டிருக்கிறோம், அவ்வளவுதான். ஆறாவது பாத்தியை அங்கேயே போட்டோம். அதுவரை முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த இரண்டு பேர், அதற்குப் பிறகுதான் பேச ஆரம்பித்தார்கள்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். 'நல்லா காய வைச்சா எடை குறையுமே' என்ற எண்ணம் சிலருக்கு உண்டு. கணக்குப் பாருங்கள். 15 சதவிகித ஈரப்பதம் உள்ள ஒரு குவின்டால் ராகியை 12 சதவிகிதத்துக்குக் காய வைத்தால், சுமார் மூன்றரை கிலோ எடை குறையும். 2025-26 பருவத்துக்கு ராகியின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவின்டாலுக்கு 4,886 ரூபாய். ஆக, குறைவது 165 ரூபாய் அளவுக்குத்தான். திரும்பி வந்த மூட்டைகளுக்குப் போக வர வண்டி வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி, அலைச்சல் இவற்றைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எது லாபம் என்பது புரிந்துவிடும்.

திருத்திய படம்

பிறகு, இரண்டாவது அட்டையில் 'இனி நடக்க வேண்டியது' என்று புதிதாக ஒரு படம் போட்டோம்.

1. சாய்சதுரம் களத்துக்கு வந்துவிட்டது. வண்டி பேசுவதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டிலும் மாதிரி எடுத்து, ஈரப்பதமானியில் பார்க்க வேண்டும். கருவியைக் குழுப் பணத்தில் வாங்கலாம் அல்லது இரவல் வாங்கலாம். 12-க்குமேல் இருந்தால் அம்பு திரும்பவும் காய வைப்பவர் பாத்திக்கே போகும்.

2. ஒரு கட்டத்துக்கு ஒரு பெயர்தான். 'நாங்க எல்லாரும் பார்த்துக்குவோம்' என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள். உதவிக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம். பொறுப்பு ஒருவருக்குத்தான். அவர் ஊரில் இல்லை என்றால் யார் என்பதையும் அடைப்புக்குறிக்குள் எழுதிவிடுங்கள்.

3. அம்புக்குறியின் மேல் நாள் எழுத வேண்டும். 'வண்டி வரும் நாளை மூன்று நாள்களுக்கு முன்பே வீட்டில் சொல்ல வேண்டும்' என்பது உங்கள் குழு எழுதியது. மடை தாண்டிப் போவது மூட்டையா, காகிதமா, பணமா, வெறும் தகவலா என்பதையும் எழுதுங்கள். அதிகமாக விட்டுப்போவது தகவல்தான்.

4. காகிதம் முன்கூட்டியே நகர வேண்டும். உங்கள் குழுவில் இரண்டு பேருக்குப் பட்டா இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. இதை அறுவடை முடிந்து பார்த்தால் பருவம் போய்விடும். அதனால், அந்தக் கட்டத்தை விதைத்த மாதத்துக்கே தள்ளி வைத்தோம்.

5. மூட்டையில் பெயர் எழுதுங்கள். ஒருவர் மூட்டை திரும்பினால், அதற்கான வாடகை யாருடையது என்பதை ஏற்றுவதற்கு முன்பே முடிவு செய்து, படத்தின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். சென்ற பருவத்து வாடகையை 20 பேரும் பகிர்ந்துகொள்வது என்று அன்றே முடிவானது. தவறு ஒருவருடையது அல்ல, ஒப்படைப்பில்தான் என்று தெரிந்த பிறகு அதில் யாருக்கும் வருத்தமில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால், களத்தில் கோலமாவால் பாத்தி போட்டு, அவரவரை அவரவர் பாத்தியில் நிற்க வைத்து, ஒரு சிறு பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டே போகச் சொல்லுங்கள். பொட்டலம் யார் கையில் வெகுநேரம் நிற்கிறது, எங்கே 'இது என்கிட்ட வரலையே' என்று குரல் வருகிறது என்பதைக் கவனித்தாலே போதும்.

2023-ம் ஆண்டிலிருந்து தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தருகிறார்கள். உங்கள் படத்தின் கடைசி அம்பு, பக்கத்துத் தெரு அடுப்பில்தான் போய் முடிகிறது. காயாத ராகி பூசணம் பிடித்தால், அதைச் சாப்பிடப் போவதும் நம்மவர்கள்தான்.

''உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்க இருக்கிறோம். இந்த மாதிரி படங்கள் எங்களுக்கும் தேவைப்படுமா?''
- மொரப்பூரிலிருந்து ஒரு வாசகர்.

உங்களுக்குத்தான் கூடுதலாகத் தேவை. 2020-ம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டத்தில், சமவெளிப் பகுதிகளில் ஒரு நிறுவனத்துக்குக் குறைந்தது 300 உறுப்பினர்கள் வேண்டும். 20 பேரிலேயே மடை உடைகிறது என்றால், 300 பேரில் கேட்கவே வேண்டாம்.

முதலில் பணம் போகும் வழிக்குப் படம் போடுங்கள். உரம் வாங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுப்பவர், மூட்டையை எண்ணி இறக்குபவர், பணம் கொடுப்பவர் என மூன்றும் மூன்று பாத்திகளில் இருக்க வேண்டும். மூன்றும் ஒரே பாத்தியில் இருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒருநாள் சந்தேகம் வரும். சந்தேகம் வந்த பிறகு படம் போட்டால், அது அவர்மீது குற்றம் சுமத்துவதுபோல ஆகிவிடும். எல்லோரும் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் இப்போதே போட்டுவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, பருவம் தொடங்கும் முன் படத்தைக் கீழே இறக்கித் திருத்துங்கள். ஆள் மாறியிருக்கும், விதி மாறியிருக்கும். பழைய படம் சுவரில் தொங்கினால், அதை நம்பி ஒருவர் சும்மா இருந்துவிடுவார்.