ஊகமும் சூதும்

ஆங்கிலத்தில் ‘ஸ்பெகுலேஷன்’ என்றொரு சொல் உண்டு. சான்று போதாதவிடத்து ஒன்றை உய்த்துணர்தற்கும் அதுவே பெயர். விலை ஏறுமென எண்ணி, இழப்புக்குத் துணிந்து பணம் போடுதற்கும் அதுவே பெயர். அதன் இலத்தீன் மூலத்தோடு உறவுடைய ‘ஸ்பெக்குலா’ என்பதற்குக் காவற்கோபுரம் என்று பொருள். உயரத்தில் நின்று தொலைவை நோக்குதலே அச்சொல்லின் பழம்பொருள். வாணிகப் பொருள் 18ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. ஆங்கில வழக்கை ஒட்டி நம் நாளேடுகளும் ‘ஊக வணிகம்’, ‘யூக வணிகம்’ என எழுதிவருகின்றன. இதில் ஒரு தீங்கு உண்டென்பது நம் கருத்து. ஊகம் அறிவின் தொழில். அப்பெயரைச் சூதுக்குச் சூட்டினால், சூதும் அறிவுடைமைபோலத் தோன்றிவிடும்.

செங்கோட்டைக்கு அருகே பண்பொழி, வடகரை, மேக்கரைப் பகுதிகளின் மாந்தோப்புகளை நோக்குவோம். மா பூத்ததும் குத்தகைக்காரர் வருகிறார். பூவின் செறிவையும், மரத்தின் வயதையும், சென்ற ஆண்டின் காய்ப்பையும் கருதி விலை பேசுகிறார். இஃது ஊகம். பின்னர் மருந்தடிக்கிறார், மலையிலிருந்து இறங்கும் யானைக்காகப் பரண்மேல் விழித்திருக்கிறார். இது துணிவு. இரண்டிலும் உழைப்பு உண்டு.

ஆயினும், காற்றும் மழையும் பூவை உதிர்த்துவிடின் இழப்பு எவர் தலையில் விழும்? பழம் முதிர்ச்சி காட்டும்வரை அதனை விற்றலாகாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இறைவன் கனியைத் தடுத்துவிட்டால் சகோதரனின் பொருளை எவ்வுரிமையால் கொள்வது என்பதே அவர்கள் எழுப்பிய வினா. அதேவேளை, மதீனாவில் பேரீச்சைக்கு முன்பணம் கொடுக்கும் வழக்கத்தை அவர்கள் அடியோடு விலக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெளிவாயிருத்தல் வேண்டும் என்று வரம்பிட்டார்கள். வாணிகத்தில் துணிவு ஆகாது என்பதன்று இந்நெறி. அறியாமையை விலைபேசலாகாது என்பதே. ஆதலின், பூவில் விலைபேசும் வழக்கை விடுத்துக் காய் முதிர்ந்தபின் பேசுதலே இருவர்க்கும் நலம் என்போம்.

இனிச் சூதினை நோக்குவோம். தமிழகத்தில் 2003இல் பரிசுச்சீட்டு தடை செய்யப்பட்டது. ஆனால் புளியரை தாண்டி ஆரியங்காவுப் பக்கம் சென்றால் கேரள அரசின் சீட்டு கிடைக்கிறது. அச்சீட்டின் எண்ணை எந்தக் காவலும், எந்த உழைப்பும் மாற்றா. இன்று எல்லை கடக்கவும் தேவையில்லை. பங்குச்சந்தையின் ‘ஆப்ஷன்’ வணிகம் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. பங்குச்சந்தையை நெறிப்படுத்தும் செபி அமைப்பு 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய 3 நிதியாண்டுகளில் இவ்வகை வணிகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனியருள் 100க்கு 93 பேர் இழப்பையே கண்டனர். அவருள் எத்தனை பேர் பரண் ஏறிப் பார்த்தவர்? எத்தனை பேர் பிறர் சொல் கேட்டுப் பணம் வைத்தவர்? இவ்விரு சாராரையும் ‘ஊக வணிகர்’ என்னும் ஒரே பெயரில் அடக்குதல் முறையாகுமா?

வள்ளுவர் இவ்வேறுபாட்டை நன்கறிந்தவர். வரப்போகும் ஊதியத்தை எண்ணிக் கைம்முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் எனத் தெரிந்துசெயல்வகையில் உரைத்தார். சூதுக்கோ தனி அதிகாரமே வகுத்தார். திருக்குர்ஆனும் ஆதாரமற்ற ஊகம் உண்மைக்கு ஈடாகாது என்கிறது. சூதாட்டத்தை வேறிடத்தில் வெளிப்படையாக விலக்குகிறது.

எனவே, மொழிபெயர்க்கும் மாணவர் இடம் நோக்கிச் சொல் தேர்தல் வேண்டும். ஆய்வில் அச்சொல் வந்தால் ஊகம் என்க. ஆய்ந்தறிந்து முதலிடும் வாணிகத்தில் வந்தால் துணிவு என்க. உழைப்பும் ஆராய்வும் இன்றிப் பணம் வைக்குமிடத்துச் சூது என்று கூசாது எழுதுக. பெயரைச் சரியாக இட்டால் இளைஞர் பலரின் கைம்முதலேனும் தப்பும்.