ஒரே பொருள் என்னும் பொய்

அறிவைப் பிறர்க்கு உரியதாக்கும் செயலைக் குறிக்க ஸ்பானிய மொழியில் வினைகள் பல உண்டு. ஆங்கிலத்தின் வழியே அம்மொழியைக் கற்பிக்கும் இந்திய வகுப்பறைகளில், சொல்லுக்கு நேர் ஒரு சொல் எழுதிய பட்டியல்கள் அவற்றைப் ‘பகிர்தல்’, ‘தெரிவித்தல்’ என்னும் இரண்டொரு பொருளுக்குள் அடைத்துவிடுகின்றன. எளிமையின் பெயரால் செய்யப்படும் இச்சுருக்கம் ஓர் அறிவுச் சோம்பல்.

கொம்பர்த்தீர், இம்பர்த்தீர் என்னும் இரு வினைகளும் ‘பகுதி’ எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. வேர் ஒன்று என்பதால் வழக்கும் ஒன்றாகிவிடாது. பேராசிரியர் வகுப்பெடுக்கிறார் என்பதற்கு இம்பர்த்தீர் வரும்; கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் வேறொருவர். அவ்விடத்தில் கொம்பர்த்தீர் வந்தால், வகுப்பில் வேறொருவருக்கும் பங்குண்டு என்ற பொருள் நுழைந்துவிடும். ‘கொம்பர்த்தோ து ஒப்பினியோன்’ என்பவர் தம் கருத்தை எவருக்கும் எடுத்துரைக்கவில்லை. ‘உன் கருத்தே என் கருத்தும்’ என உடன்படுகிறார்.

‘தார் அ எந்தெந்தேர்’ இன்னும் ஆபத்தானது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘புரியக் கொடுத்தல்’. வழக்கிலோ பெரும்பாலும் வெளிப்படச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்துதல். இதை ‘விளக்குகிறார்’ என்று பெயர்க்கும் ஆய்வாளர், மூல ஆசிரியர் பூடகமாக விட்டதை அவர் வெளிப்படையாகக் கூறியதாக ஆக்கிவிடுகிறார். அது நடைப்பிழை அன்று, சான்றைத் திரித்தல்.

தொடக்கநிலை மாணவருக்கு இத்தனை நுட்பம் சுமையாகாதா, பழகப் பழகத் தானே வந்துவிடாதா என்பது வழக்கமான மறுப்பு. முதற்பருவத்திற்கு அது பொருந்தலாம். ஆனால் முதற்பருவத்தில் மனத்தில் பதிந்த சமன்பாட்டை முனைவர் பட்டம் வரையிலும் எவரும் திருத்துவதில்லை என்பதே சிக்கல். பிழையைப் பழக்கிவிட்டு, பழக்கம் அதைத் திருத்தும் என்று காத்திருப்பது கற்பித்தல் ஆகாது.

இவ்வேறுபாடு இலக்கணப் பொழுதுபோக்கு அன்று என்பதற்குப் பாவ்லோ ஃப்ரெய்ரே சான்று. நாடுகடந்து சிலேயில் வாழ்ந்த அந்தப் பிரேசிலியக் கல்வியாளரின் ‘விரிவாக்கமா, தொடர்பாடலா?’ என்னும் நூல் 1969இல் சந்தியாகோவில் ஸ்பானிய மொழியில் வெளியானது. வேளாண் ‘விரிவாக்கம்’ என்ற சொல்லின் பொருளாராய்ச்சியோடுதான் அந்நூல் தொடங்குகிறது. அறிந்தவரிடமிருந்து அறியாதவரிடம் எதையோ கொண்டுபோய்ச் சேர்ப்பதாகக் கருதும் அச்சொல், உழவரை வெறும் கொள்கலமாக்குகிறது என்பது அவர் வாதம். அதற்கு மாற்றாக அவர் முன்வைத்தது உரையாடல். அறிவைக் கடத்துதலும் அறிவில் கூடுதலும் ஒன்றே என நம்பும் வாசகருக்கு அந்நூலின் தலைப்பே விளங்காது.

ஆகவே பட்டியல்கள் மாற வேண்டும். ஒவ்வொரு வினைக்கும் நேர்ப்பொருளோடு மூன்று செய்திகள் இடம்பெற வேண்டும்: கொடுப்பவர் யார், பெறுபவர் எந்நிலையில் இருக்கிறார், எவ்வகைப் பெயர்ச்சொற்களோடு அவ்வினை சேரும். மாணவர் சொல்லைத் தனியே மனனம் செய்யாமல் தொடராகக் கற்க வேண்டும். வினையைத் தேர்ந்தெடுப்பவர் மனிதருக்கிடையே ஓர் உறவையும் தேர்ந்தெடுக்கிறார். அத்தேர்வு நிகழ்கிறது என்பதையே மாணவரிடமிருந்து மறைக்கும் கல்வி, எந்த வினையின் பொருளிலும் கற்பித்தல் ஆகாது.