வெயிலும் தண்ணீரும் எரிபொருள் ஆகுமா? செம்பனை ஓட்டுக்கரிக்கும் இதில் பங்குண்டு

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னாக ஏறியது. அதன் சூட்டை லோரி ஓட்டுநர் முதல் காய்கறி வாங்கும் குடும்பத் தலைவி வரை அனைவரும் உணர்ந்தோம். எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் 'தண்ணீரிலேயே கார் ஓடும்' என்ற காணொளிகளும் கைப்பேசியில் வலம் வரத் தொடங்கிவிடும். இதில் உண்மை எவ்வளவு, ஆசை எவ்வளவு?

தண்ணீர் தானாக எரியாது. அதிலுள்ள ஹைட்ரஜனைப் பிரித்தெடுத்தால் அது எரிபொருள். பிரிப்பதற்கு வெளியிலிருந்து சக்தி வேண்டும். இன்று உலகில் ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ எடுத்தால் சுமார் 9 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. இதற்கு மாற்றாகத்தான் 2023-இல் அரசாங்கம் வெளியிட்ட தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம், 2050-க்குள் ஆண்டுக்கு 2.5 மில்லியன் டன் வரை பசுமை ஹைட்ரஜன் தயாரிக்க இலக்கு வைத்திருக்கிறது.

வெள்ளைத் தூளின் கதை

மின்சாரமே இல்லாமல், வெயிலை மட்டும் வைத்துத் தண்ணீரைப் பிரிக்க முடியுமா என்ற ஆய்வு அரை நூற்றாண்டாக நடக்கிறது. 1972-இல் ஜப்பானின் அகிரா புஜிஷிமா, கெனிச்சி ஹோண்டா இருவரும் தைட்டானியம் டைஆக்சைடு மீது ஒளி பட்டால் தண்ணீர் பிரிவதை உலகுக்கு அறிவித்தார்கள். வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளைச் சாயத்தில் இருப்பதும் இதுதான். மலிவானது, நச்சற்றது, தண்ணீரில் கரையாதது.

ஆனால் இரண்டு குறைகள். முதலாவது, இது புற ஊதா ஒளிக்கு மட்டுமே வேலை செய்யும். வெயிலில் அது சுமார் 5 விழுக்காடுதான். இரண்டாவது, ஒளி பட்டுக் கிளம்பும் மின்னணுக்கள் வேலை செய்வதற்குள் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகின்றன. தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். அறுத்த செம்பனைக் குலையை உடனே ஆலைக்கு ஏற்றாவிட்டால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும் அல்லவா? மின்னணுவையும் உடனே ஏற்றிச் செல்ல ஒரு வண்டி வேண்டும்.

அந்த வண்டிதான் கார்பன். தூளோடு கார்பனைச் சேர்த்தால் அது மின்னணுக்களை இழுத்துச் செல்லும். தூளின் படிகத்துக்குள்ளேயே கார்பன் அணுக்களைப் புகுத்தினால் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் ஒரு பகுதியை அது பயன்படுத்தும். 2002-இல் அமெரிக்காவில் ஷாஹெட் கான் குழு தைட்டானியத் தகட்டை எரிவாயுச் சுடரில் வாட்டி, 8.35 விழுக்காடு பலன் கிடைத்ததாக அறிவித்தது. பரபரப்பு எழுந்தது. ஆனால் அளந்த முறை சரியா என்று மற்ற விஞ்ஞானிகள் அப்போதே கேள்வி எழுப்பினார்கள்.

கணக்குப் போட்டால்

2021-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கசுனாரி டோமென் குழு, இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு தூளை 100 சதுர மீட்டரில் வெயிலில் வைத்துக் காட்டியது. அதிகபட்சமாகக் கிடைத்த பலன் 0.76 விழுக்காடு. இதை நம் ஊர் வெயிலில் வைத்துப் பார்ப்போம். அந்தப் பலன் நாள் முழுவதும் கிடைத்தாலும், ஒரு வீட்டுக் கூரை அளவு இடத்தில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 கிராம் ஹைட்ரஜன்தான் வரும். ஒரு ஹைட்ரஜன் கார் அதில் சுமார் 10 கிலோமீட்டர் ஓடும்.

அதே கூரையில் சூரியத் தகடு வைத்து, அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தால் ஒரு கிலோவுக்கும் மேல் எடுக்கலாம். சரவாக்கும் மின்சார வழியில்தான் செல்கிறது. நீர்மின் சக்தி நிறைந்த அம்மாநிலத்தில், கூச்சிங்கில் 2019-லேயே ஹைட்ரஜன் நிலையம் திறக்கப்பட்டு, பேருந்துகளும் ஓடத் தொடங்கின.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கார்பன் கலந்த தூள் பற்றிய பல ஆய்வுகளில் சுத்தமான தண்ணீர் மட்டும் இருப்பதில்லை. மெத்தனால் அல்லது கிளிசரின் போன்ற திரவமும் கலக்கப்படுகிறது. அது செலவாகிக் கொண்டே இருக்கும். 'பல மடங்கு ஹைட்ரஜன்' என்ற செய்தியைப் படித்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: வெறும் தண்ணீரா? உண்மையான வெயிலா, ஆய்வக விளக்கா? எத்தனை நாள் தாங்கியது?

நமக்கு என்ன?

அப்படியானால் இந்த ஆய்வு வீணா? இல்லை. மூலப்பொருள்களைப் பாருங்கள். பேராக்கின் ஈயக்குட்டைகளில் ஈயம் எடுத்தபின் மிஞ்சிய அமாங் மணலில் இல்மனைட் உண்டு. தைட்டானியம் அதிலிருந்து கிடைக்கும். செம்பனைக் கொட்டை ஓட்டைச் சுட்டால் கார்பன் கிடைக்கும். பாமாயிலிலிருந்து பயோடீசல் தயாரிக்கும்போது கிளிசரின் மிஞ்சுகிறது. எல்லாம் நம் கண்ணெதிரே இருப்பவை. இன்று அந்த ஓடு ஆலைக் கொதிகலனில் எரிகிறது, அல்லது எரிபொருளாக ஜப்பானுக்குக் கப்பலேறுகிறது.

ரப்பரும் செம்பனையும் நம் முன்னோர் கைபட்டு வளர்ந்தவை. ஆனால் பால் எடுத்தவருக்கும் குலை அறுத்தவருக்கும் கூலிதான் கிடைத்தது. பொருளை உருமாற்றத் தெரிந்தவருக்கே லாபம் போனது. ஹைட்ரஜன் தொழிலிலும் அதே நடக்கக் கூடாது.

ஆகவே, படிவம் 4-க்குப் போகும் பிள்ளை அறிவியல் பிரிவுக்குத் தகுதி பெற்றிருந்தால், 'கஷ்டம்' என்று சொல்லித் திருப்பி விடாதீர்கள். வேதியியல், பௌதிகம் பயின்றவர் இந்த ஆய்வுக்குள் நுழையலாம். ஏட்டுக்கல்வி பிடிக்காத பிள்ளைக்கும் திவெட் கல்லூரி இருக்கிறது. மின்னியல், வாயுக் குழாய், பாதுகாப்புப் பராமரிப்பு தெரிந்த கைகள் இல்லாமல் எந்த ஹைட்ரஜன் நிலையமும் ஓடாது. சமூக அமைப்புகளும் கல்வி நிதி தரும்போது இந்தத் துறைகளை நினைவில் வைக்கலாம்.

வெள்ளைத் தூள் பெட்ரோல் நிலையத்துக்கு வர இன்னும் காலம் ஆகும். படிவம் 4 மாணவர் பட்டம் பெறவும் ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளை நாம் வீணாக்காமல் இருந்தால் போதும்.