தடித்துருண்ட எழுத்து

ஓலை கிழியாதிருத்தற்பொருட்டே தமிழெழுத்து வளைந்தது என்பர். ஆகவே உருட்சி நமக்குப் பழையது, தடிப்பே புதியது. கோடைக்கானல் மலைச்சாலையை மூடுபனி சூழுங்கால் மெலிந்த எழுத்து மறைந்துபோம். தடித்துருண்ட எழுத்தோ வழிப்போக்கரை வளைவுக்கு முன்னரே எச்சரிக்கும்.

எனினும், தடிப்பு மிகுந்தால் சுழியின் உள்வெளி அடைபடும். ணகரமும் னகரமும் மயங்கும். புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும். பெரிதாயினும் விளங்காத எழுத்தாற் பயனென்ன?

1845இல் கோடைக்கானலில் வீடுகள் எழுப்பிய அமெரிக்க மிஷனார்க்குச் சென்னையில் அச்சகமும் இருந்தது. அங்கு 1862இல் வெளிவந்த உவின்ஸ்லோ அகராதியின் சிற்றெழுத்தை இன்றும் இடரின்றிப் படிக்கிறோம். தெளிவு தருவது பருமனன்று, திறந்த சுழியே.

ஆதலின் தலைப்புக்கும் வழிகாட்டும் பலகைக்கும் தடித்துருண்ட எழுத்தை ஏற்போம். நூற்பக்கம் முழுவதையும் அதனால் நிரப்புதல் வேண்டா. சுழியை அடைக்கும் அழகு அழகன்று என்பதே எம் கருத்து.